அடுத்த பெட்டியில் வந்தவள்

ஜனவரி 28, செவ்வாய்

பள்ளிக்கூட வாசலிலேயே சமீனா என்னைப் பிடித்துக்கொண்டாள். மார்ச் மாதம் அவள் வகுப்பைப் பாரிசில் இருக்கும் எலும்புக்கூடு அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போகிறார்களாம். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள அம்மாமார் வேண்டுமாம்.

"யாரோட அம்மா வருவாங்கன்னு கேட்டாங்க உம்மா. நான்தான் மொதல்ல கையத் தூக்கினேன்."

ஏழு வயது. திமிங்கிலத்தின் எலும்பு ஒரு பஸ் நீளம் இருக்கும் என்று வீடு வரை சொல்லிக்கொண்டே வந்தாள்.

டீச்சர் மதாம் ஒலிவியேயிடம் பேர் கொடுத்தேன். சின்னப் பெண், வேலைக்கு வந்து முதல் வருஷம். சிரித்துக்கொண்டே எழுதினாள். எழுதி முடித்ததும் ஒரு தடவை என் முக்காட்டைப் பார்த்தாள். பிறகு அவசரமாகக் குனிந்துகொண்டாள்.

சந்தையில் நல்ல மீன் இல்லை. கோழிதான்.

ஜனவரி 31, வெள்ளி

தலைமையாசிரியை கூப்பிட்டிருந்தார். மதாம் ஃபூர்னியே, இந்த வருஷம்தான் எங்கள் ஊருக்கு மாற்றலாகி வந்தவர். அறுபதை நெருங்குகிறவர், ஒல்லி, எழுந்து நின்று கைகொடுத்தார். மரியாதைக் குறைவாக ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"உங்களை அழைத்துப்போக எனக்கு ஆசைதான், மதாம். ஆனால் தலையில் அது இல்லாமல்" என்றார்.

இந்த நாட்டில் அரசாங்கமும் அரசாங்கப் பள்ளிக்கூடமும் எந்த மதத்தோடும் ஒட்டக்கூடாது. லாயிசிதே என்பார்கள். டீச்சர்கள் சிலுவையும் போடக்கூடாது, முக்காடும் போடக்கூடாது. அது எனக்குத் தெரியும். ஆனால் நான் டீச்சர் இல்லையே.

"சட்டத்துல அப்படி இருக்கா?" என்று கேட்டேன். என் பிரெஞ்சு கோபத்தில் நன்றாக வரும்.

"தாய்மார்களைப் பற்றிச் சட்டத்தில் தெளிவாக இல்லை. இந்தப் பள்ளிக்கூடத்தில் நான் தெளிவாக வைத்திருக்கிறேன். வெளியில் நீங்கள் எப்படி வேண்டுமானாலும் இருங்கள். இந்த வாசலுக்குள் வந்தால் இங்குள்ள விதி. வகுப்பு எங்கே போகிறதோ, அங்கே பள்ளிக்கூடமும் கூடவே போகிறது."

எத்தனை வருஷமாக பிரான்சில் இருக்கிறீர்கள் என்றும் கேட்டார். பதினேழு வருஷம் என்றேன். என் மாமனார் காரைக்காலிலிருந்து சொல்தாவாகப் போய் இந்த நாட்டுக்காகத் துப்பாக்கி தூக்கியவர், அப்போது நீங்கள் பிறந்திருக்க மாட்டீர்கள் என்றும் சொன்னேன்.

அவர் கோபப்படவில்லை. "என் அம்மா கன்னியாஸ்திரீகள் நடத்திய பள்ளிக்கூடத்தில் படித்தாள்" என்றார். "அப்பா பேர் தெரியாத பிள்ளை. அதற்காக அவளைக் கடைசி பெஞ்சில் தனியாக உட்கார வைத்தார்கள். யாரும் அவளோடு பேசக்கூடாது. அரசுப் பள்ளிக்கூடத்துக்கு மாறிய பிறகுதான் மற்றப் பிள்ளைகளோடு உட்கார்ந்தாள். நான் ஏன் இதில் விட்டுக்கொடுக்க மாட்டேன் என்று உங்களுக்குப் புரிய வேண்டும்."

புரிந்தது. அதுதான் எரிச்சல். வரும் வழியெல்லாம் அந்தக் கடைசி பெஞ்சுப் பிள்ளையை நினைத்துக்கொண்டே வந்தேன். அவளுக்கும் என் தலைக்கும் என்ன சம்பந்தம்?

ஊரில் பள்ளி என்றால் எங்களுக்குத் தொழுகிற இடம், பள்ளிக்கூடம் என்றால் படிக்கிற இடம். ஒரே சொல்தான் இரண்டுக்கும். யாருக்கும் குழப்பம் வந்ததில்லை.

பிப்ரவரி 1, சனி

மச்சானிடம் சொன்னேன். என்னைக் கட்டிய மனிதர், நகரசபையில் எலெக்ட்ரீசியன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையை உதறினார்.

"ஒரு நாளைக்குதானே ஜமீலா? குளிருக்குப் போடுற கம்பளித் தொப்பியப் போட்டுக்கிட்டுப் போயேன். தலையும் மூடியிருக்கும், அவங்களுக்கும் பிரச்சனை இல்ல."

"தொப்பின்னா மதம் இல்ல, துணின்னா மதமா மச்சான்?"

"எனக்கு என்ன தெரியும்? என் மேலதிகாரி காதுக்குப் போச்சுன்னா நல்லாருக்காது. அவ்வளவுதான்."

"டிசம்பர் மாசம் தெருவெல்லாம் நட்சத்திரம் தொங்கவிட ஏணி மேல ஏறுறது யாரு? நீங்கதானே? அது எந்த மதம்?"

"அது அலங்காரம்" என்றார். சொல்லிவிட்டு அவரே சிரித்துவிட்டார்.

நிலோஃபர் சிரிக்கவில்லை. மூத்த மகள், பதினாறு முடியப் போகிறது, லிசேயில், பெரிய பள்ளிக்கூடத்தில், படிக்கிறாள். போனைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "எடுத்துட்டுப் போங்க உம்மா. நீங்க முன்னாடி போட்டதே இல்லையே. மூணு வருஷமாத்தானே?"

மூன்று வருஷமாகத்தான். காரணத்தை நான் யாருக்கும் எழுதித் தர வேண்டியதில்லை. தட்டுகளை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டேன்.

பிப்ரவரி 4, செவ்வாய்

மழை. விடியற்காலையில் நான் தரை துடைக்கப் போகும் இரண்டு அலுவலகங்களிலும் ஹீட்டர் ஓடவில்லை. கைவிரல் விறைத்துப்போனது. ஆள் இல்லாத நேரத்தில் என் முக்காடு அங்கே யாருக்கும் இடைஞ்சல் இல்லை.

பிப்ரவரி 7, வெள்ளி

ஜும்ஆத் தொழுகை முடிந்து மச்சானோடு அன்சாரி நானாவும் வந்தார். எங்கள் ஊர்க்காரர், எல்லோருக்கும் அண்ணன் முறை, இங்கே தமிழ் முஸ்லிம் சங்கத்துக்குச் செயலாளர். மச்சானுக்கு வாய் சும்மா இருக்காது, சொல்லியிருக்கிறார்.

நானா டீயைக் கையிலேயே வைத்துக்கொண்டு பேசினார். வக்கீல் இருக்கிறாராம், பத்திரிகைக்காரர் ஒருவரைத் தெரியுமாம். நான் ஒரு வீடியோவில் பேசினால் போதுமாம்.

"இது உங்க ஒருத்தர் விஷயம் இல்ல தங்கச்சி. நம்ம எல்லாரோட மானம். நீங்கதான் முன்னால நிக்கணும்."

போனை எடுத்து இப்போதே ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளலாமா என்றார். நான் பதில் சொல்வதற்குள் தூக்கிப் பிடித்துவிட்டார். பிடித்தவர் ஒரு கண்ணைச் சுருக்கி, "கொஞ்சம் முன்னால இழுத்துக்கங்க. நெத்தியில முடி தெரியுது" என்றார்.

என்னமோ ஆகிவிட்டது எனக்கு. ஒருத்தர் எடு என்கிறார், ஒருத்தர் இன்னும் இழு என்கிறார். இரண்டு பேருக்கும் என் தலைதான் கிடைத்ததா?

"போட்டோ வேணாம் நானா. வீடியோவும் வேணாம்."

"பயமா?"

"பயம் இல்ல. இது என் சண்டை. நானே போட்டுக்கறேன்."

மச்சான் வாசல் வரை போய் வழியனுப்பிவிட்டு வந்து, நான் பெரிய மனிதரைச் சங்கடப்படுத்திவிட்டேன் என்றார். சங்கடப்படட்டும்.

பிப்ரவரி 13, வியாழன்

பள்ளிக்கூடத்தில் கூட வருகிறவர்களின் பெயரை ஒட்டியிருந்தார்கள். என் பேர் இல்லை. சமீனா எழுத்துக்கூட்டிப் படித்தாள், திரும்ப மேலேயிருந்து படித்தாள்.

"உங்க பேர விட்டுட்டாங்க உம்மா. டீச்சர்கிட்ட சொல்லட்டா?"

பிலோமினாவின் பேர் இருந்தது. பாண்டிச்சேரிக்காரி, பக்கத்துக் கட்டடத்தில் இருக்கிறாள், அவள் மகனும் சமீனாவோடு படிக்கிறான். அவளுக்கு விஷயம் அப்போதுதான் தெரியும். கழுத்தில் கிடந்த சிலுவையை ஸ்வெட்டருக்குள் இருந்து வெளியே இழுத்துக் காட்டினாள். "இத யாரும் ஒண்ணும் சொல்லலியேக்கா?"

"சின்னதா இருக்குல்ல. சின்ன சாமிக்கு அனுமதி உண்டு போல."

இரண்டு பேரும் வாசலில் நின்று சத்தமாகச் சிரித்தோம். வீட்டுக்கு வந்து சமீனாவுக்குத் தெரியாமல் அழுதேன். அழுதுகொண்டே வெங்காயம் நறுக்கினேன், யாரும் கேட்கவில்லை. நறுக்கி முடிப்பதற்குள் எனக்கு ஒரு யோசனை வந்துவிட்டது. பிள்ளைகளைத் தனி பஸ்ஸில் அழைத்துப்போகவில்லை, ரயிலில் போகிறார்கள். ரயில் எல்லோருக்கும் பொது. அருங்காட்சியகமும் பொது.

பிப்ரவரி 23, ஞாயிறு

லீவு. நோன்பு வருகிறது என்று வீட்டைக் கழுவி ஒட்டடை அடித்தேன். நிலோஃபர் திரைச்சீலைகளை மாட்டிக் கொடுத்தாள். ஏணியில் நின்றபடி, "அருங்காட்சியகத்துக்குத் தனியாப் போகப் போறீங்களாமே? சமீனா சொன்னா" என்றாள்.

"ஆமா."

"எதுக்கு உம்மா இவ்வளவு? துணிதானே அது?"

பதில் சொல்லவில்லை. இங்கேயாவது எழுதிப் பார்க்கிறேன்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் என் உம்மா மவுத்தானபோது எனக்கு டிக்கெட் கிடைக்கவில்லை. காரைக்காலில் அடக்கம் முடிந்த பிறகுதான் விமானமே. போனில் பார்த்தேன். வீட்டுக்குள் ஒரே கூட்டம், யாரோ போனைப் பிடித்திருந்த கை ஆடிக்கொண்டே இருந்தது. இங்கே இந்தச் சோபாவில் உட்கார்ந்து, தலையில் துணியைப் போட்டுக்கொண்டு யாசீன் ஓதினேன். மறுநாள் வேலைக்குப் போகும்போது அதை எடுக்கக் கை வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. எடுத்தால் அவர்களை நானே மண்ணுக்குள் வைத்தது போல இருந்தது. பிறகு தொழ ஆரம்பித்தேன், விட்டுப்போன வருஷங்களை எல்லாம் சேர்த்துப் பிடிக்கிற மாதிரி. இப்போது அது உம்மாவுக்காகவா, அல்லாஹ்வுக்காகவா என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியாது.

இதை மதாம் ஃபூர்னியேயிடம் சொல்ல முடியாது. பாவம் என்று அனுமதித்துவிடுவார். அன்சாரி நானாவிடமும் சொல்ல முடியாது. நிய்யத்து சரியில்லை, எண்ணம் சுத்தமில்லை என்பார்.

மார்ச் 1, சனி

முதல் நோன்பு. விடியுமுன் சஹர் சாப்பாட்டுக்கு எல்லோரையும் எழுப்பினேன். நிலோஃபர் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுப் படுத்துக்கொண்டாள். சமீனா தனக்கும் அரை நோன்பு வேண்டும் என்று அடம்.

சாயங்காலம் கஞ்சி நன்றாக வந்தது. கறி போட்டது.

மார்ச் 6, வியாழன்

நிலோஃபருக்கு இந்த வருஷம் நோன்பு இலகுவாக இருக்கிறது. போன வருஷம் மூன்று மணிக்கே துவண்டு விழுவாள். இப்போது லிசேயிலிருந்து வரும்போது முகத்தில் கொஞ்சமும் வாட்டமில்லை, அல்ஹம்துலில்லாஹ். வந்ததும் முதல் வேலையாகப் பல் துலக்குகிறாள். சுத்தமான பிள்ளை.

மார்ச் 10, திங்கள்

மச்சானின் பனியன்கள் எல்லாம் ஓட்டை. புதிது வாங்க வேண்டும். நிலோஃபரின் கோட்டுப் பையில் ரொட்டித் தூள். தோழிகளோடு கோட்டு மாறியிருக்கும். உதறி வெயிலில் போட்டேன்.

மார்ச் 13, வியாழன்

போய்விட்டு வந்தேன்.

பிளாட்பாரத்தில் பிள்ளைகள் மஞ்சள் பட்டி போட்டுக்கொண்டு இரண்டிரண்டு பேராக நின்றார்கள். நான் கொஞ்சம் தள்ளி நின்றேன். சமீனா பார்த்துவிட்டு வரிசையிலேயே குதித்தாள். மதாம் ஃபூர்னியேயும் வந்திருந்தார். என்னிடம் நேராக நடந்து வந்தார்.

"மதாம், நான் சொல்லியிருந்தேன் அல்லவா?"

"உங்க கூட வர வேணாம்னு சொன்னீங்க. நான் உங்க கூட வரல. நான் ரயில்ல போறேன்."

"நீங்கள் செய்வது எனக்குப் புரிகிறது."

"அப்ப ரெண்டு பேருக்கும் சௌகரியம்."

அவர்கள் ஏறிய பெட்டிக்கு அடுத்த பெட்டியில் ஏறினேன். நடுவில் இருந்த கண்ணாடி வழியாகச் சமீனா தெரிந்தாள். பிலோமினா அவளைத் தன் பக்கத்தில் உட்கார வைத்து, கண்ணாடிப் பக்கம் முகம் தெரிகிற மாதிரி திருப்பி விட்டிருந்தாள். என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாள்.

அருங்காட்சியகத்தில் டிக்கெட் எடுத்து உள்ளே போனேன். எலும்புக்கூடுகள் எல்லாம் ஒரே பக்கம் பார்த்து நிற்கின்றன, எங்கேயோ புறப்பட்டுப் போவது போல. திமிங்கிலம் நிஜமாகவே பஸ் நீளம்தான். சுப்ஹானல்லாஹ் என்று வாய்விட்டே சொன்னேன். பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரத் தாத்தா ஆமாம் என்று தலையாட்டினார். அவருக்கு என்ன புரிந்ததோ.

வகுப்பு முன்னால் போகும், நான் பின்னால் போவேன். அவர்கள் நின்றால் நின்றேன். ஒரு சின்னப் பையன் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தான். கடைசியில் தலைமையாசிரியையின் கோட்டைப் பிடித்து இழுத்துக் கேட்டான். கூடத்தில் நன்றாக எதிரொலித்தது.

"சமீனாவோட அம்மா ஏன் தனியா வராங்க? அவங்களுக்குத் தண்டனையா?"

டீச்சர் ஒலிவியே யானை எலும்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். மதாம் ஃபூர்னியே குனிந்து, "இல்லை செல்லம், தண்டனை இல்லை" என்றார். "அப்ப ஏன்?" என்றான் அவன். அவர் வரிசையில் நில் என்றார்.

மத்தியானம் பிள்ளைகள் தோட்டத்தில் சாப்பிட்டார்கள். நான் நோன்பு. தூரத்தில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். மதாம் ஃபூர்னியே வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். கையில் சாண்ட்விச் இருந்தது. நான் நோன்பு என்று தெரிந்துதானோ என்னவோ, பிரிக்காமல் மடியிலேயே வைத்திருந்தார்.

"எல்லோர் முன்னாலும் என்னைக் கெட்டவளாக்கிவிட்டீர்கள்" என்றார்.

"நான் வாயே திறக்கலையே மதாம்."

"வாயைத் திறந்திருந்தால் பதில் சொல்லியிருப்பேன்."

எனக்கு அவரிடம் சொல்ல ஒன்று இருந்தது. பல நாளாக மனதில் அரைத்துக்கொண்டிருந்தது. மெதுவாகத்தான் சொன்னேன்.

"உங்க அம்மாவ அந்தக் கன்னியாஸ்திரீங்க தனியா உட்கார வச்சாங்க. அது அநியாயம். கேட்டதுல இருந்து எனக்கு மனசே சரியில்ல. இப்ப நான் எங்க உட்கார்ந்திருக்கேன்னு பாருங்க."

அவர் முகம் சிவந்தது. "இரண்டும் ஒன்று இல்லை. அவளால் எதையும் கழற்ற முடியாது. உங்களால் முடியும்."

"முடியும். அதனாலதான் கழற்ற மாட்டேன். கழற்றவே முடியாதுன்னா, போட்டிருக்கறதுக்கு என்ன மதிப்பு இருக்கு?"

எங்கிருந்து வந்தது அந்தப் பதில் என்று எனக்கே தெரியவில்லை. அவர் எழுந்தார். "அடுத்த பயணத்துக்கும் இதே விதிதான், மதாம்" என்றார்.

"அடுத்த தடவையும் இதே ரயில்தான், மதாம்" என்றேன்.

ஒரு கணம் சிரிக்கப் போகிறார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. ஆனால் போகும்போது கைகொடுத்துவிட்டுப் போனார். நானும் கொடுத்தேன்.

திரும்பி வரும்போது எங்கள் ஸ்டேஷன் வாசலில் நிலோஃபரைப் பார்த்தேன். ரொட்டிக்கடைப் பக்கம் தோழிகளோடு நின்றிருந்தாள். பேசவில்லை.

தலைவலி. நோன்பு திறந்ததும் படுத்துவிட்டேன்.

மார்ச் 14, வெள்ளி

எழுத ஒன்றுமில்லை.

மார்ச் 16, ஞாயிறு

இருக்கிறது.

அன்று ஸ்டேஷன் வாசலில் நிலோஃபர் கையில் பாதி தின்ற சாண்ட்விச் இருந்தது. என்னைப் பார்த்ததும் அதை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள். தின்றதைக்கூட நான் தாங்கியிருப்பேன். அந்தக் கை பின்னால் போனதே, அதைத்தான் மூன்று நாளாகத் தாங்க முடியவில்லை. என் வயிற்றில் பிறந்தது என்னைக் கண்டு ஒளிகிறது.

இன்று மச்சான் சமீனாவைக் கூட்டிக்கொண்டு கடைக்குப் போன பிறகு அவள் அறைக்குப் போனேன்.

"எத்தன நாளா?"

"மொதல் நாள்லேர்ந்தே" என்றாள். எழுந்து நின்றுவிட்டாள். "உங்ககிட்ட சொல்லணும்னுதான் இருந்தேன் உம்மா."

"மாதவிடாயா? உடம்பு சரியில்லையா?"

"அதெல்லாம் இல்ல. எனக்கு நம்பிக்கை இல்ல. ரெண்டு வருஷமா யோசிச்சேன். வர மாட்டேங்குது."

சோறு வேண்டாம் என்பது போல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள். நான் கத்தினேன். உங்க பாட்டி இருந்தா என்ன நினைப்பாங்க என்றேன். இந்த நாட்டுக்காரங்க உன் புத்தியக் கெடுத்துட்டாங்க என்றேன். கடைசியாகச் சொன்னேன்:

"வெளியில நீ எப்படி வேணும்னாலும் இரு. இந்த வாசலுக்குள்ள வந்தா இங்க உள்ள விதிதான்."

சொல்லி முடித்ததும்தான் அது யாருடைய பேச்சு என்று என் காதில் விழுந்தது. நிலோஃபர் என்னையே பார்த்தாள். அவளுக்கு அந்த வார்த்தைகள் எங்கே கேட்டவை என்று தெரியாது. நான் எழுந்து வந்துவிட்டேன்.

மார்ச் 18, செவ்வாய்

மச்சானுக்குத் தெரிந்துவிட்டது. தொப்பி போட்டுக்கொண்டு போ என்று என்னிடம் சொன்ன மனிதர், மகளிடம் குதித்தார். "ஊர்ல தெரிஞ்சா என்ன ஆவும்? அன்சாரி நானா காதுக்குப் போனா என் மானம் என்ன ஆவும்?" அப்போது மேலதிகாரியின் காது, இப்போது நானாவின் காது. இந்த மனிதருக்கு எப்போதும் யாரோ ஒருத்தரின் காதுதான் பயம்.

"சும்மாவாவது எங்களோட உட்காரு, நோன்புன்னு சொல்லிக்கோ" என்றார் அவளிடம்.

"அது பொய் வாப்பா" என்றாள் நிலோஃபர். "உம்மா தொப்பி போட்டுக்கிட்டாங்களா?"

மச்சான் என்னைப் பார்த்தார். நான் காரட்டைச் சீவிக்கொண்டிருந்தேன். சீவிக்கொண்டே இருந்தேன்.

மார்ச் 20, வியாழன்

பள்ளிக்கூட வாசலில் பிலோமினா சொன்னாள். மே மாதப் பயணத்துக்கு அவளையும் கேட்டார்களாம். ஜமீலாக்கா பேர் இருந்தால் என் பேரையும் எழுதுங்கள் என்று சொல்லிவிட்டாளாம். இன்னும் இரண்டு அம்மாமாரும் அப்படியே சொல்லியிருக்கிறார்களாம். மதாம் ஃபூர்னியே இன்னும் இறங்கி வரவில்லை. நானும் வரவில்லை. காலையில் பார்த்தால் வணக்கம் சொல்லிக்கொள்கிறோம்.

நிலோஃபர் வீட்டில் பேசுவதில்லை. மத்தியானம் என்ன தின்கிறாள் என்று தெரியவில்லை. இளைத்திருக்கிறாள்.

மார்ச் 21, வெள்ளி

இன்று தொழுதுவிட்டு அப்படியே விரிப்பில் உட்கார்ந்திருந்தேன். அவள் மனதை மாற்றித் தா என்று கேட்டேன். கேட்டுக்கொண்டிருக்கும்போதே, என்னை யாராவது தொழு என்று அதட்டியிருந்தால் இந்த விரிப்பில் உட்கார்ந்திருப்பேனா என்று ஒரு நினைப்பு. உம்மா ஒரு நாளும் அதட்டியதில்லை. நான் தொழாமல் திரிந்த காலமெல்லாம் போனில், சாப்பிட்டியா என்றுதான் கேட்பார்கள்.

மார்ச் 23, ஞாயிறு

இன்று நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

மத்தியானம் சோறு வைத்தேன். மீன் குழம்பு, முட்டைப் பொரியல். நிலோஃபருக்கு மட்டும். நோன்பு நாளில் பகல் சமையல் வாசனை வீட்டில் வந்ததும் மச்சான் அறையிலிருந்து எட்டிப் பார்த்தார். "என்ன பண்றே?" என்றார். "புள்ளைக்குச் சோறு" என்றேன்.

அந்த நேரம் பார்த்து அழைப்பு மணி. அன்சாரி நானா. பள்ளிவாசல் இஃப்தாருக்குப் பேரீச்சம்பழம் கொண்டுபோகிற வழியில் எங்களுக்கும் ஒரு பெட்டி கொடுக்க வந்தார். உட்காரும்போதே முகமெல்லாம் சந்தோஷம். "கேள்விப்பட்டேன் தங்கச்சி. ரயில்ல போயி நின்னுட்டீங்களாமே! ஊரே பேசுது. இப்பவாவது ஒரு வீடியோ எடுத்துருவோம்."

நிலோஃபர் அவள் அறை வாசலில் வந்து நின்றாள். நானாவைப் பார்த்ததும் உள்ளே போகத் திரும்பினாள்.

"நிலோ, வந்து உட்காரு. சோறு ஆறுது" என்றேன்.

அவள் அசையவில்லை. நான் தட்டை எடுத்துவந்து கூடத்தில் இருக்கும் மேஜையில் வைத்தேன். அடுப்படியிலேயே வைத்திருக்கலாம். வைக்கவில்லை. ஒளிந்து தின்ன இனி ஒரு நாளும் விடமாட்டேன். அவள் மெல்ல வந்து உட்கார்ந்தாள்.

நானா தட்டைப் பார்த்தார், மச்சானைப் பார்த்தார். பிறகு நல்ல மனதோடுதான் கேட்டார்: "என்ன, புள்ளைக்கு உடம்பு சரியில்லையா?"

ஆமாம் என்று ஒரு சொல் போதும். மச்சானின் கண் என்னைக் கெஞ்சியது. தப்பிக்க நானாவே வழி திறந்துவைத்துக் காத்திருந்தார்.

"உடம்பு நல்லா இருக்கு நானா. நோன்பு வைக்கல. அவளுக்கு மனசு இல்ல. அவ இஷ்டம்."

சமீனாகூட விளையாட்டை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். நானாவின் முகம் மாறியது.

"பெத்தவ பேசுற பேச்சா இது? இதுக்கா அந்தப் பள்ளிக்கூடத்துல அம்புட்டு சண்ட போட்டீங்க?"

"இதுக்குத்தான் நானா."

"என்ன சொல்றீங்க?"

"யாரும் சொல்லி நான் இதப் போடல. யாரும் சொல்லி எடுக்கவும் மாட்டேன். என் மகளுக்கு மட்டும் வேற ரூல் வைக்க எனக்கு வாய் வரல. வச்சும் பார்த்தேன். அசிங்கமா இருந்துச்சு."

நானா எழுந்துவிட்டார். சங்கத்தில் இனி எங்களைப் பற்றி என்ன பேசுவார்கள் என்பதை மச்சானிடம்தான் சொன்னார், என்னிடம் சொல்லவில்லை. பேரீச்சம்பழப் பெட்டியை மறக்காமல் வைத்துவிட்டுத்தான் போனார். நல்ல மனிதர்தான். மச்சான் பின்னாலேயே கீழே வரை போனார். திரும்பி வந்ததும் நேராக அடுப்படிக்குப் போனார். பிறகு நிலோஃபரின் தட்டுக்குப் பக்கத்தில் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்துவிட்டுப் போனார்.

எனக்கு வலிக்கவில்லை என்று எழுத மாட்டேன். ஒவ்வொரு தொழுகையிலும் அவளுக்காகக் கேட்கிறேன், கேட்டுக்கொண்டே இருப்பேன். அதைத் தடுக்க அவளாலும் முடியாது.

சாயங்காலம் கஞ்சி கிளறிக்கொண்டிருந்தேன். நிலோஃபர் வந்து பக்கத்தில் நின்றாள். கூப்பிடாமல் அவள் அடுப்படிக்கு வந்து நாளாயிற்று. ஒரு கரண்டி எடுத்து ஊதி அவளிடம் நீட்டினேன்.

"உப்பு சரியா இருக்கான்னு பாரு. எங்க யாராலயும் பாக்க முடியாது."

வாயில் வைத்துப் பார்த்தாள். கண்ணை மூடி யோசித்தாள்.

"இன்னும் கொஞ்சம் போடணும் உம்மா."

போட்டேன்.